அறைக்கதவில் கண்ணாடி: ராத்திரி நிழல் தெரியுமா, தெரியாதா?

தேக்கு72
நேற்று இருட்டு ஹால் பற்றிய இழையில் வெளிச்சப்பிரியை என்கிற சகோதரி ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். பார்க்காதவர்களுக்காக அப்படியே ஒட்டுகிறேன்:

"படுக்கையறைக்கும் ஃபிராஸ்டட் கண்ணாடிக் கதவு போடுங்க. பகல்ல ஹாலுக்கு லைட்டே தேவைப்படாது. ராத்திரி உள்ளே லைட் எரிஞ்சாலும் வெளியே நிழல்கூடத் தெரியாது. மரக்கதவெல்லாம் அந்தக் காலம்."

இதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்துத்தான் தனி இழை திறக்கிறேன். நிழல்கூடத் தெரியாதாம்! இருட்டு ஹாலில் நின்றுகொண்டு, டியூப்லைட் எரிகிற அறையின் மங்கல் கண்ணாடியைப் பார்த்தவர் யாராவது இங்கே உண்டா? தோல்பாவைக் கூத்துக்கு வேறு திரையே வேண்டாம். உள்ளே இருப்பவர் பீரோவைத் திறக்கிறாரா, சட்டை மாற்றுகிறாரா என்று சோபாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்து ஆள் கேட்கிறேன். பதில் வேண்டும்.

வெளிச்சப்பிரியை
வணக்கம் தேக்கு சார். எனக்காகத் தனி இழையே திறந்ததுக்கு நன்றி. யூபிவிசி ஜன்னல் விஷயத்துல நான் பதில் சொன்ன கோபம் இன்னும் ஆறலை போல.

எங்க வீடு பள்ளிக்கரணைல, ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹாலுக்குன்னு இருக்கிற ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்க்குது. ரெண்டு பெட்ரூமுக்கும் நடுவுல இருக்கிற பாசேஜ்ல உச்சி வெயில் நேரத்துலயும் லைட் போடணும். அதனாலதான் பெட்ரூம் கதவுக்கு மரச்சட்டம் வச்சு, நடுவுல 5 எம்எம் டஃப்பன்ட் (சூட்டுல பதப்படுத்தி உறுதியாக்கினது) ஃபிராஸ்டட் கண்ணாடி போட்டோம். இப்ப அந்தப் பாசேஜ்ல நின்னு பேப்பர் படிக்கலாம். நிழல் தெரியாது. அந்த வீட்டுல குடியிருக்கிறது நான், நீங்க இல்ல.

நெல்லை அண்ணாச்சி
தேக்கு அண்ணே, கூத்துக்கு டிக்கெட்டு எவ்வளவுன்னு சொல்லுங்க. குடும்பத்தோட வந்துருதோம்.

சைட் எஞ்சினியர்
இரண்டு பேரும் வெவ்வேறு நிலைமையைச் சொல்கிறீர்கள். கதவுக்கும் விளக்குக்கும் நடுவில் ஆள் நின்றால் நிழல் கண்ணாடியில் விழும். கதவை ஒட்டி நின்றால் விரல்கூடத் தெரியும். நாலைந்து அடி பின்னால் போனால் வெறும் மங்கல்தான். விளக்கு கதவுச் சுவரிலேயே, கதவுக்கு மேலே இருந்தால் நிழல் எதிர்ச்சுவருக்குப் போய்விடும். ஹால் விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் இன்னும் குறையும்.

அதற்கு முன்னால் ஒன்று. ஃபிராஸ்டட் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆசிட்டில் அரித்ததா, மணல் அடித்ததா, சாதாரணக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரா, பாத்ரூம் வென்டிலேட்டருக்குப் போடுகிற பின்ஹெட்டா? நாலும் நாலு மாதிரி. அதைச் சொன்னால் பாதி சண்டை முடிந்துவிடும்.

தேக்கு72
எஞ்சினியர் தம்பி, பாடம் நன்றாக இருக்கிறது. கதவை ஒட்டி நின்றால் விரல்கூடத் தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சகோதரி எழுதியது "நிழல்கூடத் தெரியாது". மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம். தெரியுமா, தெரியாதா?

வெளிச்சப்பிரியை
தெரியாது. எங்க பெட்ரூம்ல லைட் கதவுப்பக்கச் சுவர்லதான் இருக்கு.

தேக்கு72
ஆகா! இப்போதுதான் விளக்கு கதவுப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. நேற்று ஊருக்கே உபதேசம் செய்தபோது இந்த நிபந்தனை எங்கே போயிருந்தது? கட்டில் தலைமாட்டில் படிப்பு விளக்கு வைத்திருப்பவர் என்ன செய்வார்? சகோதரியை நம்பிக் கதவு போட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரைக் கொத்துவாரா?

இன்னொன்றும் சொல்கிறேன். ஆள் தெரிவது மட்டும்தானா அந்தரங்கம்? விளக்கு எரிகிறதா, அணைந்ததா, எப்போது அணைந்தது என்பதே ஹாலில் படுத்திருக்கும் மாமனாருக்குத் தெரிய வேண்டுமா? புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கதவைப் போட்டுப் பாருங்கள். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுதே, உடம்பு சரியில்லையா?" என்று காலையில் காபியோடு விசாரணை வரும். அந்தப் பெண் எந்த முகத்தோடு பதில் சொல்வாள்? தனிக்குடித்தனத்துக்குப் பொருந்துவதைக் கூட்டுக்குடும்பத்துக்கும் போடச் சொல்வது படித்தவர் செய்கிற காரியமா?

மாடிவீட்டு மருமகள்
தேக்கு ஐயாவோட நான் எதுலயுமே ஒத்துப்போனதில்ல. ஆனா அந்த மாமனார் விஷயம் நூத்துக்கு நூறு. எங்க வீட்ல மாமியார். அதுக்கு மேல கேட்காதீங்க.

வெளிச்சப்பிரியை
நான் நிழல் தெரியாதுன்னுதான் சொன்னேன். லைட் தெரியாதுன்னு சொல்லவே இல்லையே. லைட் தெரியணும்னுதானே கண்ணாடி போடுறோம்!

தேக்கு72
நிழலும் தெரியும்.

ஆசாரி மகன்
ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா? எங்க அப்பா கதவு செஞ்ச ஆளு, நானும் அதே தொழில்தான். பத்து வீட்டுல ஏழு வீட்டுக்காரங்க கண்ணாடி கேக்குறாங்க, போட்டுக் குடுக்குறோம். பிரச்சினை நிழல்ல இல்ல, அளவுல. டஃப்பன்ட் கண்ணாடியைப் பதப்படுத்தின பிறகு வெட்டவும் முடியாது, ஓட்டை போடவும் முடியாது. மரக்கதவு ஐப்பசி மழையில உப்பினா இழைப்புளி எடுத்து ரெண்டு இழுப்பு இழுப்போம். கண்ணாடிப் பலகை அரை நூல் பெருசா வந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசுக்கு ஆர்டர் குடுக்கணும். இதை எவனும் முன்னாடி சொல்றதில்ல, கடைசியில பழி ஆசாரி மேல.

முழுக் கண்ணாடிக் கதவுன்னா இன்னும் கூத்து. 12 எம்எம்ல ஏழுக்கு மூணு கதவு கிட்டத்தட்ட 60 கிலோ. கீல் மாதிரி கதவைத் தாங்கித் திருப்புற ஃப்ளோர் ஸ்பிரிங் வச்சுத் தரையில உக்கார வைக்கணும். சட்டம் கிடையாதுங்கறதால ரெண்டு ஓரமும் சந்து விட்டே ஆகணும். அந்தச் சந்துல கண்ணை வச்சா ஃபிராஸ்டட் எதுக்கு, பின்ஹெட் எதுக்கு? எல்லாம் தெரியும்.

தேக்கு72
தொழில்காரர் வாயிலிருந்தே வந்துவிட்டது: எல்லாம் தெரியும். நன்றி.

ஆசாரி மகன்
யோவ், நான் சொன்னது அந்த ஓரத்துச் சந்து பத்தி. மரச்சட்டம் போட்ட கதவுல சந்து கிடையாது. என் வாயில உம்ம வார்த்தையைத் திணிக்காதீரும்.

வெளிச்சப்பிரியை
ஆசாரி அண்ணா, நன்றி. என் கதவுல மரச்சட்டம் இருக்கு. சார் அதைப் படிக்கவே இல்ல.

சிங்கைவாசி
இங்கே சிங்கப்பூரில் அரசு கட்டிய எச்டிபி அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்கு மடக்கும் அலுமினியக் கதவுதான் பல வீடுகளில் இருக்கிறது, அதில் மங்கல் பிளாஸ்டிக் தகடு. யாரும் இப்படிச் சண்டை போட்டுக்கொள்வதில்லை. நம் ஊரில்தான் ஒரு கதவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

நெல்லை அண்ணாச்சி
வந்துட்டாருய்யா. எங்க ஊருல அப்படி, எங்க ஊருல இப்படி. ஒங்க ஊருல வீட்டுக்குள்ளயே குண்டு விழுந்தா ஒளியுததுக்கு இரும்புக் கதவு போட்ட ரூமு இருக்காமே, அதுக்கும் கண்ணாடி போட்டுருக்கியளா?

சிங்கைவாசி
அது 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீடுகளில் சட்டப்படி இருக்கும் காப்பறை. பெரும்பாலானவர்கள் அதில் பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறார்கள். தெரியாமல் கேலி செய்ய வேண்டாம்.

தேக்கு72
சிங்கைவாசி, குளியலறை பற்றி நல்லவேளையாகப் பேச்சை எடுத்தீர்கள். மணல் அடித்த கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் தெரியுமா? மேடுபள்ளத்தில் தண்ணீர் நிரம்பி அந்த இடம் தெளிந்துவிடும். குளிக்கிறவர் பக்கம் அந்த முகத்தை வைத்து மாட்டிவிட்டுப் போன மேதாவிகளை நான் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்கள். டேப் அளவுக்கு ஜன்னல் திறந்துவிடும். வீட்டில் எட்டாவது படிக்கும் பையன் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அரை நாள் போதும். அப்புறம் நிழல் என்ன, நிஜமே தெரியும்.

சைட் எஞ்சினியர்
டேப் விஷயம் உண்மை. அதனால்தான் சொரசொரப்பான முகம் எந்தப் பக்கம் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். குளியலறையில் அது ஈரம் படாத பக்கம், படுக்கையறையில் உள்பக்கம். எண்ணெய்க் கையின் தடமும் அந்த முகத்தில்தான் ஒட்டும், எளிதில் போகாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பால்வெள்ளைப் படலம் வைத்த லேமினேட்டட் போட்டால் இந்தத் தொல்லையே கிடையாது, இரண்டு பக்கமும் வழவழப்பு. விலைதான் கூட. என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: எந்த ஃபிராஸ்டட்?

வெளிச்சப்பிரியை
ஃபிராஸ்டட்னா ஃபிராஸ்டட்தான் சார். கடையில அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் குடுத்தாங்க.

தேக்கு72
இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

சரி, பகலுக்கு வருவோம். நிழலை விடுங்கள். (விடமாட்டேன், அது வேறு.) பகலில் படுக்கையறைக் கதவு வழியாக ஹாலுக்கு வெளிச்சம் வர வேண்டுமானால் முதலில் படுக்கையறையில் வெளிச்சம் இருக்க வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் சித்திரை மாதம் மத்தியானம் எவர் திரையைத் திறந்து வைக்கிறார்? தடித் துணியாகப் போட்டு, ஏசியையும் போட்டு, குகை மாதிரி வைத்திருப்போம். அந்தக் குகைக்கு 5 எம்எம் கண்ணாடிக் கதவு போட்டால் ஹாலுக்கு என்ன வரும்? இருட்டுதான் வரும். திரை திறந்திருக்கிற நேரத்தில் பெரும்பாலும் அறைக்கதவும் திறந்துதான் கிடக்கும். அப்போது அது கண்ணாடியானால் என்ன, தகரமானால் என்ன?

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டைப் பாருங்கள். வெளிச்சம் முற்றத்திலிருந்து வரும். கதவிடம் போய் யாரும் வெளிச்சம் கேட்கவில்லை. கதவு தன் வேலையைச் செய்தது: மூடினால் மூடியது. வெளிச்சம் வேண்டும் என்ற இடத்தில் தலைக்கு மேலே கலர் கண்ணாடி வைத்தார்கள். கண் மட்டத்தில் வைக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும், நிழல் தெரியும் என்று.

மாடிவீட்டு மருமகள்
அந்த வீடுகள்ல கல்யாணமான மகன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு அறைதானே ஐயா? அது முக்கால்வாசி சாமானும் சீரும் வைக்கிற அறை. ஜன்னலே இல்லாத அறையும் பார்த்திருக்கேன். முற்றத்து வெளிச்சத்துல உட்கார்ந்து கணக்கு எழுதினவங்க வேற, அடுப்படிக் கட்டுல கிடந்தவங்க வேற. பெருமைன்னா முழுசாச் சொல்லுங்க.

தேக்கு72
கதவைப் பற்றிப் பேசும்போது சமூக நீதி எங்கிருந்து வந்தது? தனி இழை திறக்கவும்.

நெல்லை அண்ணாச்சி
தனி எழைக்குன்னே பொறந்தவரு நீங்கதானே அண்ணே.

சைட் எஞ்சினியர்
தலைக்கு மேல் கண்ணாடி என்பது நல்ல யோசனைதான். லிண்டல் (கதவுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) ஏழு அடி, கூரை பத்து அடி. நடுவில் பீம் போக மிச்சமுள்ள உயரத்தில் தெளிவான கண்ணாடியே நிலையாகப் பதிக்கலாம். மங்கலாக்கவும் தேவையில்லை. ஹாலில் நிற்பவர் கண்ணுக்கு உள்ளே இருக்கும் கூரையும் சுவரின் மேல்பகுதியும்தான் தெரியும்.

வெளிச்சப்பிரியை
எங்க பெட்ரூம் கதவுக்கு மேல லாஃப்ட் இருக்கு சார். அதுல பொங்கல் பானை, பழைய மெத்தை, மாமியாரோட தையல் மிஷின். கண்ணாடி போட்டா அதையெல்லாம்தான் பார்க்கணும். ஃபிளாட்ல இருக்கிறவங்க கஷ்டம் தனி வீட்டுக்காரங்களுக்குப் புரியாது. முற்றம் வைங்கன்னா நாலாவது மாடியில எங்க வைக்கிறது?

ஆசாரி மகன்
தேக்கு சார், ஒரு சந்தேகம். பழைய இழை ஒண்ணுல உங்க மெட்ராஸ் வீட்டுக் கதவு பத்தி எழுதியிருந்தீங்க. 2018ல கட்டினது, பர்மாவுல இருந்து புதுசா இறங்கின தேக்கு உருட்டு மரத்தை மர டிப்போவுல நேர்ல பார்த்து எடுத்தேன்னு. மியான்மர் 2014 ஏப்ரல்லயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திடுச்சு. நீங்க பார்த்த உருட்டு எந்த ஊரு உருட்டு?

நெல்லை அண்ணாச்சி
அடிச்சாரு பாருங்க!

தேக்கு72
டிப்போக்காரர் எனக்குத் தெரிந்தவர். பழைய இருப்பு வைத்திருந்தார்.

ஆசாரி மகன்
நாலு வருசமா? புதுசா இறங்கினதுன்னு எழுதினது நீங்க. கானா மரமும் ஈக்வடார் மரமும் பர்மான்னு சொல்லித்தான் பாதி ஊருக்கு வித்தாங்க. ரேகையைப் பார்த்தா சொல்லிடுவேன், போட்டோ போடுங்க.

தேக்கு72
இழையின் தலைப்பு கண்ணாடி. மரம் அல்ல. நிழல் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன், இன்னும் ஒருவர்கூட நேராகப் பதில் சொல்லவில்லை. எஞ்சினியரும் அரிப்பு, மணல் என்று சுற்றுகிறார். உமக்குக் கண்ணாடிக் கடையில் கமிஷன் இருக்கிறதா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

சைட் எஞ்சினியர்
முதல் பதிவிலேயே பதில் சொன்னேன். கமிஷன் என்ற பேச்சைத் திரும்பப் பெறுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இழைகளில் இனி எழுதமாட்டேன்.

மட்டுறுத்துநர்
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இது எல்லோருக்கும்.

தேக்கு72
எல்லோருக்கும் என்றால் எனக்கு மட்டும் என்று அர்த்தம். பழகிவிட்டது. யூபிவிசி இழையைப் பூட்டியதும் இவர்தான்.

சகோதரி, வீண் பேச்சு எதற்கு? ராத்திரி எட்டு மணிக்கு ஹால் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே யாரையாவது கதவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். உலகமே பார்க்கட்டும்.

வெளிச்சப்பிரியை
எங்க பெட்ரூம் போட்டோ உங்களுக்கு எதுக்கு சார்? நீங்க முதல்ல மரத்தோட போட்டோ போடுங்க. ஆசாரி அண்ணா காத்துக்கிட்டு இருக்காரு.

மாடிவீட்டு மருமகள்
ஒரு கேள்வி. ஏற்கெனவே கண்ணாடிக் கதவு இருக்கு, வாடகை வீடு, மாத்த முடியாது. உள்பக்கம் ஸ்கிரீன் போட்டா வெளிச்சம் போயிடுமா? பகல்ல ஒதுக்கி வச்சுக்கிட்டு ராத்திரி இழுத்துவிடலாமா? கதவுலயே சின்ன ராடு மாட்ட முடியுமா?

ஆசாரி மகன்
முடியும்மா. மரச்சட்டத்துல மேலயும் கீழயும் ராடு அடிச்சு நடுவுல துணியைச் சொருகிடுங்க. கதவு ஆடினாலும் துணி ஆடாது. கண்ணாடியில ஸ்குரூ போடாதீங்க.

தேக்கு72
நிழல் தெரியாத கண்ணாடிக்கு எதற்கம்மா ஸ்கிரீன்?

வெளிச்சப்பிரியை
அது அவங்க வீட்டுக் கண்ணாடி. பின்ஹெட்டா இருக்கும்.

தேக்கு72
ஓ, இப்போது நாலு வகை வந்துவிட்டதா?

ஆசாரி மகன்
தேக்கு சார், போட்டோ. இல்லன்னா பில்லாவது போடுங்க.