தரையில் பதித்த விளக்கும் நடு லேனும்: உங்களுக்கு என்ன நடந்தது?

வாடைக்காற்று:
நியூசிலாந்து ஆக்லாந்தில் ஃபங்காபராவோவா ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு எதையும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: அங்கே மூன்று லேன், நடு லேன் காலை நெரிசலில் ஒரு திசைக்கும் மாலை நெரிசலில் எதிர்த் திசைக்கும் மாறும். எந்தத் திசைக்கு என்பதைத் தரையில் பதித்த விளக்கும் மேலே தொங்கும் குறிகளும் காட்டும். 2018, நடு லேன் விளக்குகள் வந்த புதிது. ஜூன் மாதம், ஐந்தரைக்கே இருட்டு, மழை வேறு. ரெட் பீச் பக்கம் போகும் எங்களுக்கு அப்போது இரண்டு லேன், நான் நடு லேனில். ஈரத்தில் பெயின்ட் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. தரை விளக்குகள் மட்டும் கோத்த மணி மாதிரி என் வலது பக்கம் நீண்டு கிடந்தன. வரிசை வலப்பக்கம் இருந்தால் நடு லேன் நம்முடையது.

திடீரென்று அதே லேனில் என்னைப் பார்த்தபடி இரண்டு ஹெட்லைட். நகரவே இல்லை. பிரேக்கை மிதித்தேன், வழுக்கிக்கொண்டு போய் ஒரு கார் நீளம் மிச்சம் வைத்து நின்றது. உள்ளே வயதான ஓர் அம்மா. முன்பு அந்த இடம் இரண்டு திசைக்கும் நடுவே வெறும் கோடு போட்ட மீடியன்தானே, வீட்டிலிருந்து வலப்பக்கம் திரும்புகிறவர்கள் பாதி ரோட்டைக் கடந்து அங்கே காத்திருப்பார்கள். அந்தப் பழக்கம். ஒரு கையை மேலே தூக்கினார். எதிர்ப்பக்கம் இடைவெளி கிடைத்ததும் போய்விட்டார். வீடு போகும்வரை என் கால் நடுங்கியது.

தென்றல்77:
மழையில் தெரிந்தது என்கிறீர்கள், சரி. வெயிலில்? பிப்ரவரி மாலை, எனக்குப் பின்னால் சூரியன். தரை விளக்கு எரிகிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. எனக்கு முன்னால் போனவர் பாதி கார் இடது லேனில், பாதி நடுவில் என்று கடைசிவரை ஊர்ந்தார். மேலே தொங்கும் அம்புக்குறியைத்தான் பார்க்க வேண்டும், தரையை அல்ல.

பாலத்துக்காரன்:
இரண்டு பேர் சொல்வதும் தவறு. விளக்கு எங்கே இருந்தாலும் காரை நிறுத்தாது. ஆக்லாந்து ஹார்பர் பிரிட்ஜிலும் லேன்கள் திசை மாறும், ஒரு காலத்தில் அதைக் காட்ட மேலே விளக்கு மட்டும்தான். நேருக்கு நேர் மோதி உயிர்கள் போன பிறகுதான் 1990-இல் நகரும் கான்கிரீட் தடுப்பு வந்தது. எட்டு லேனை ஐந்து, மூன்றாகப் பிரிக்க ஒரு வண்டி அந்தக் கான்கிரீட் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுத்த பக்கம் வைத்துக்கொண்டே போகும். முதல் தடவை என் ஜன்னலை ஒட்டிப் போனபோது மூச்சே நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து பாலத்தில் எனக்குப் பயமில்லை.

மணல்மேடு:
பாலத்துக்காரன் அண்ணா, பாலத்தில் யாருக்கும் வீட்டு வாசல் கிடையாது. இங்கே பத்தடிக்கு ஒரு டிரைவ்வே. கான்கிரீட் வைத்தால் யார் எப்படி வெளியே வருவது?

வாடைக்காற்று, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மழை நாளில் நடு லேனே வேண்டாம், இடது லேனில் மெதுவாகப் போங்கள். கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள், அந்த மங்கலில்தான் தரை விளக்கு இரண்டிரண்டாகத் தெரியும். டயர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வழுக்கியது என்றீர்களே. அந்தப் பக்கம் வீடு இருக்கிற நண்பர்களிடம் சொல்லுங்கள்: நெரிசல் நேரத்தில் வலப்பக்கம் திரும்ப முயலாமல் இடப்பக்கம் போய் எங்காவது சுற்றி வரட்டும், ஐந்து நிமிஷம்தான் கூடும். லேன் மாறப்போகும் நேரத்தில் நடு லேனுக்கு மேலே சிவப்பு X குறி எரியும், அப்போது முந்த நினைக்காமல் உடனே ஒதுங்குங்கள். நான் ஒருமுறை ஒதுங்கத் தாமதித்து ஹாரன் வாங்கியிருக்கிறேன்.

வாடைக்காற்று:
டயர் புதிது. நான் கேட்க வந்தது வேறு. அந்த அம்மா கையைத் தூக்கினாரே, அது மன்னிப்பா, "நில், இது என் இடம்" என்பதா? அவர் முகம் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்தது. இன்றும் அந்த வளைவு வரும்போதெல்லாம் அந்தக் கைதான் முதலில் தெரிகிறது.