மருத்துவக் கழிவுக்கு சென்சார் வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தஞ்சாவூர், பராமரிப்புப் பிரிவு:

இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். கழிவு அறையில் இருக்கும் எடைத் தராசை நெட்டோடு இணைத்திருக்கிறோம். பையை வைத்து பார்கோடை ஸ்கேன் செய்தால் எந்த வார்டு, என்ன நிறம், எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வந்தது எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி உடல் பாகம், ரத்தம் பட்ட பஞ்சு மாதிரிக் கழிவை சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 36 மணி தாண்டினாலே எனக்கு மெசேஜ் வரும்படி வைத்திருக்கிறேன். இதற்காகத்தான் கேட்டு வாங்கினோம். பலன் கிடைத்தது வேறு இடத்தில்.

அந்த மாதிரிக் கழிவைப் போடும் மஞ்சள் பை, பிரசவப் பிரிவில் மதியமும் இரவும் மட்டும் கனத்தது. காலையில் எடுக்கிற பை லேசு. நஞ்சுக்கொடியால்தான் என்றார்கள். பிரசவத்துக்கு ஏது நேரம் காலம்? அப்படியென்றால் காலைப் பையும் சில நாளாவது கனக்க வேண்டுமே! தூய்மைப் பணி அக்காவிடம் கேட்டேன். "எல்லாம் பார்சல் சாப்பாட்டு எலைதான் தம்பி. கூட இருக்குறவங்க சாப்பிட்டுட்டு பக்கத்துல இருக்குற டப்பாவுல போட்டுடறாங்க" என்றார். ரசம் சொட்டச் சொட்ட வாழை இலையும் மிச்சச் சோறும் மஞ்சள் பையில்! அந்தப் பை எரி உலைக்குப் போகிறது. அங்கே புகையை எரிக்கும் இரண்டாவது அறையில் 1050 டிகிரி சூட்டை நிறுத்த வேண்டும். ஈரச் சோற்றைப் போட்டால் எரிபொருள்தான் வீண். எங்களுக்குக் கிலோ கணக்கில் பில் வேறு. மாடிப்படி அருகே சாப்பாட்டுக் கழிவுக்குப் பெரிய பச்சைத் தொட்டி ஒன்று வைத்தோம், அதற்கு சென்சார் எதுவும் இல்லை. எடை இறங்கிவிட்டது.

திருவாரூர் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ்:

எங்களுக்குத் தொட்டி மூடியில் ஒலி அலை சென்சார் மாட்டிக் கொடுத்தார்கள், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க. பை காற்றில் உப்பினால் "நிரம்பிவிட்டது" என்று சொல்லும். ஐப்பசி அடைமழையில் மூடிக்குள் வியர்த்துத் துளி நின்றாலும் அதே கதை. ராத்திரி முழுக்க போன் அடிக்கும், போய்ப் பார்த்தால் அடியில் நாலு பஞ்சு. இப்போது அதைக் கழற்றி அலமாரியில் வைத்தாயிற்று.

அண்ணே, ஒரு சந்தேகம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடெல்லாம் மரம். கழிவு வண்டி வர முடியவில்லை. 48 மணி தாண்டினால் காரணத்தோடு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமே, நாங்கள் நோட்டில் எழுதி வைத்துத்தான் சமாளித்தோம். அந்த மாதிரி நேரத்தில் உங்கள் தராசு என்ன செய்யும்?

கும்பகோணம், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்:

சிஸ்டர், அந்த சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள். பயன்படுத்திய ஊசியைப் போடுகிற வெள்ளை டப்பாவுக்கு மாற்றிப் பாருங்கள். அது கெட்டியான டப்பா, உப்பாது, சுருங்காது. முக்கால்வாசி நிரம்பியதும் எங்களுக்குச் சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் நிரம்பிய டப்பாவில் இன்னொரு ஊசியைத் திணித்துக் கையில் குத்திக்கொள்வார்கள், அந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனால் டிரிப் செட்டை (குளுக்கோஸ் ஏற்றும் குழாயை) வெட்டாமல் ஊசியோடு, பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பையில் போட்டால் எந்த சென்சாரும் சொல்லாது. அதை ஆள்தான் பார்க்க வேண்டும், நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தஞ்சாவூர், பராமரிப்புப் பிரிவு:

சிஸ்டர், டவர் போனால் தராசு தன் மெமரி கார்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பும். கரண்ட் போனால் பேட்டரி இருக்கும்வரைதான். கஜா மாதிரி நாள்கணக்கில் போனால் தாங்காது. அதனால் நோட்டை நாங்களும் விடவில்லை. சின்ன சோலார் பேனல் போட்டு ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், மார்கழி மூட்டத்தில் சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்லுங்கள்.