டயல்-அப் காலம் பொற்காலமா?

குடமுருட்டி:
2001-ல் பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் 98, குண்டு மானிட்டர். சந்தனம் குங்குமம் வைத்து, அம்மா தைத்த பூப்போட்ட உறையால் மூடி வைத்தோம். போன் லைன் வழியே இணையம் வரும் டயல்-அப் அது; மோடம் கீச்சிட்டுக் கரகரத்து லைன் பிடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கூப்பிட்டால் எங்கேஜ்டு. ஐப்பசியில் இடி இடித்தால் தாத்தா, "முதல்ல போன் வயரைப் புடுங்குடா" என்பார். ஒருநாள் மறந்தேன், மோடம் கருகிப்போனது. இத்தனை பாடுபட்டுத் திறந்த பக்கம் என்பதால் வரி விடாமல் படித்தோம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

அரசலாறு:
வந்துவிட்டேன். கொடுப்பினை என்பது உங்கள் வீட்டில் போனும் கம்ப்யூட்டரும் இருந்ததுதான், அவ்வளவுதான். கும்பகோணத்தில் எனக்குப் பிரவுசிங் சென்டர்தான் கதி. மணிக்கு 30 ரூபாய், பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை. பெண்பிள்ளை தனியாகப் போனால் தெருவே பேசும். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க அண்ணனோடு போனேன். எனக்கு மெயில் ஐடியும் அவன்தான் திறந்தான். பாஸ்வேர்டையும் அவனே வைத்துக்கொண்டான்.

குடமுருட்டி:
சகோதரி, அது ஊர் செய்த குற்றம். இணையத்தின் மேல் ஏன் பழி?

வெண்ணாறு:
இணையத்தின் மேலும் பழி உண்டு அண்ணே. 1995 ஆகஸ்ட் 15-ல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையச் சேவை தொடங்கியபோது அது பெருநகரத்துச் சமாசாரம். நம் பக்கம் எட்டிப் பார்க்க வருடங்கள் ஆயின. வந்த பிறகாவது தமிழ் ஒழுங்காகத் தெரிந்ததா? எழுத்தைக் கணினிக்கு எண்ணாக்கித் தரும் குறியாக்கம் தளத்துக்குத் தளம் வேறு: ஒரு தளம் டிஸ்கி, இன்னொன்று டாப், வேறொன்று சொந்த எழுத்துரு. அதை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு போட்டு, தமிழ்99 விசைப்பலகையோடு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கம் வகுத்தார்கள். அப்புறமும் ஆளுக்கொரு எழுத்துருதான். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவிய பிறகே விடிந்தது. நாம் இப்போது போடும் சண்டையை அன்று தங்கிலீஷில்தான் போட்டிருப்போம்.

குடமுருட்டி:
அந்தத் தலைவலியோடுதானே மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்துக்காரர்கள் 1998-லிருந்து சங்க நூல்களையெல்லாம் தட்டச்சு செய்து ஏற்றினார்கள்? சம்பளம் வாங்கியா செய்தார்கள்?

வெண்ணாறு:
அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அது அவர்கள் பெருமை. டயல்-அப்புக்கு அதில் என்ன பங்கு? எங்கள் வீட்டுக் கதை கேளுங்கள். 2002-ல் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை போனது. அப்பா முதலில் நிறுத்தியது இணைய அட்டையைத்தான். பெட்டி ஒரு வருடம் சாலிடேர் விளையாட மட்டும் உதவியது. இன்று வயல் வரப்பில் நின்றபடி போனில் அணை நிலவரம் பார்க்கிறார் அவர். எது பொற்காலம்?

அரசலாறு:
குடமுருட்டி, ஒரே ஒரு கேள்வி. "வரி விடாமல் படித்தோம்" என்றீர்களே, அந்த "தோம்"-இல் யார் யார்?

குடமுருட்டி:
நான். சில நாள் பக்கத்து வீட்டுப் பையன்.

இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வர முடிந்தது, மன்னிக்கவும். வீட்டில் அக்காவும் இருந்தாள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "நான் எங்கடா உக்காந்தேன்? வாராவாரம் அந்த உறையைத் துவைச்சுப் போட்டதுதான் நான்" என்றாள்.