கைதட்டல் ஒரே தாளத்தில் இணைவது எப்படி?

கேள்வி:
நேற்று ஓர் இசை நிகழ்ச்சி முடிந்ததும், முதலில் பெருமழைபோல் தாறுமாறாக எழுந்த கைதட்டல், யாரும் சொல்லாமலே சில நொடிகளில் ஒரே தாளத்தில் இணைந்து, பிறகு மீண்டும் கலைந்தது. இதற்குக் காரணம் என்ன?

பதில் 1:
இதை ஆராய்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் விளக்கியிருக்கிறார்கள். தாளம் ஒன்றுபடும்போது ஒவ்வொருவரும் தட்டும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது; வேகம் குறைந்தால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் சுருங்குவதால், ஒருவரோடு ஒருவர் இணைவது எளிதாகிறது. ஆனால் மெதுவாகத் தட்டும்போது அரங்கின் மொத்த ஓசை தணிந்துவிடும். மகிழ்ச்சியை இன்னும் உரக்கத் தெரிவிக்க விரும்பி வேகத்தைக் கூட்டியதும் தாளம் உடைகிறது. எனக்கு இது மிக அழகான முரணாகத் தோன்றுகிறது.

பதில் 2:
கூட்டாகத் தட்டுவதற்குப் பயிற்சியே அளித்ததுண்டு. ரோமப் பேரரசன் நீரோ, தான் பாடும்போது கைதட்டுவதற்கென்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் திரட்டி, வெவ்வேறு வகையாகத் தட்டக் கற்பித்ததாக ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியுள்ளார். உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டிப் பாருங்கள், ஓசை கனத்து ஒலிக்கும். விரித்துத் தட்டினால் கூர்மையாகத் தெறிக்கும்.

பதில் 3:
பாராட்டுக்கு ஓசைதான் வேண்டும் என்பதில்லை. காது கேளாதோர் அரங்குகளில் இரு கைகளையும் உயர்த்தி, விரல்களை விரித்து அசைப்பார்கள். மேடையில் நிற்பவருக்கு அது கண்ணால் காணும் கைதட்டல்.