படகில் உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம்: பட்டனை அழுத்தினால் கத்துகிறது, இருந்தும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: புதுப்படகு

வணக்கம். போன மாதம் 57 அடி நேரோபோட் (குடியிருக்க வசதியுள்ள குறுகலான கால்வாய்ப் படகு) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். இங்கிலாந்தில் கிராண்ட் யூனியன் கால்வாயில், மேற்கு லண்டனின் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் கட்டியிருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள். முன் கேபினில் கரி போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு இருக்கிறது. சமையலுக்கு காஸ் சிலிண்டர்.

பழைய உரிமையாளர் இரண்டு கார்பன் மோனாக்சைடு (அரைகுறையாக எரியும்போது வரும் மணமில்லாத நச்சு வாயு) அலாரம் விட்டுப் போயிருக்கிறார். ஒன்று அடுப்புக்கு நேர் மேலே கூரையில், இன்னொன்று சமையல் மேடைக்குப் பக்கத்தில். பட்டனை அழுத்தினால் இரண்டும் காது கிழியக் கத்துகின்றன. புது பேட்டரியும் போட்டுவிட்டேன். இது போதுமா? மாற்றுவதென்றால் எந்த மாதிரி வாங்குவது, எங்கே மாட்டுவது? மகள் படுப்பது கடைசி கேபினில். அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: கால்வாய்க்காரன்

தம்பி, முதலில் இரண்டையும் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டியிருந்தால், எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் அது வெறும் பிளாஸ்டிக் டப்பாதான்.

நான் ஒன்பது வருடமாகப் படகிலேயே குடியிருக்கிறேன். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாலு வருடம் முன்பு, ஜனவரி மாதம். இரவு முழுக்கக் கணப்பு இருக்கட்டும் என்று அடுப்பின் காற்றுத் துவாரத்தைக் குறைத்துவிட்டுப் படுத்தோம். அன்று ஒரு நண்பர் எங்களோடு தங்கியிருந்தார். தன் கேரவனில் வைத்திருக்கும் அலாரத்தைப் பையிலேயே கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். விடியற்காலையில் அதுதான் அலறியது. எழுந்தால் எனக்குத் தலை பாரம், மனைவிக்குக் குமட்டல். கதவையெல்லாம் திறந்துவிட்டு மூன்று பேரும் கரையில் போய் நின்றோம். எங்கள் அலாரம் கடைசிவரை வாயே திறக்கவில்லை. பிறகு அதன் பட்டனை அழுத்திப் பார்த்தேன். நன்றாகக் கத்தியது! பின்னால் இருந்த தேதி முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நானோ வருடம் தவறாமல் அதற்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். அந்தப் பட்டன் பெரும்பாலும் பேட்டரியையும் மின்சுற்றையும் ஒலிப்பானையும்தான் சோதிக்கிறது. வாயுவை உணரும் சென்சார் வேறு. அது ஒரு சின்ன மின்வேதியியல் செல். வருடங்கள் போகப் போக அதன் உணர்வு மங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாடலைப் பொறுத்து 5, 7 அல்லது 10 வருடம்தான் அதன் ஆயுள்.

வாங்கும்போது ஈ.என். 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடுங்கள். 50291-1 என்பது வீட்டுக்கானது. 2 என்று முடிவது படகுக்கும் கேரவனுக்குமானது. அதிர்வையும் தாங்குகிறதா என்று சோதித்திருப்பார்கள். பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய மாடல் நல்லது, ரிமோட்டுக்கு வேண்டும் என்று யாரும் கழற்ற முடியாது. எண் காட்டும் திரை உள்ளதையே நான் சொல்வேன். இந்தத் தரப்படி, காற்றில் இந்த வாயு 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் அலாரம் ஒரு மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் நடுவில்தான் கத்தும். 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள். 300 என்றால் 3 நிமிடத்துக்குள். 50-க்கும் கீழே மெல்லக் கசிவதைத் திரை இருந்தால்தான் பார்க்க முடியும்.

மாட்டும் இடத்துக்கு வருவோம். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், சூட்டிலேயே கெட்டுவிடும். பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் தள்ளி, சுவரில் உயரமாக மாட்டுங்கள். சமையல் ஆவி படும் இடம், ஜன்னல், காற்றுத் துவாரம், திரைச்சீலைக்குப் பின்புறம், இதெல்லாம் கூடாது. காஸ் கசிவு அலாரத்தைத் தரையோரம் வைப்பதைப் பார்த்துவிட்டு இதையும் கீழே வைப்பவர்கள் உண்டு. புரோபேன் காற்றைவிடக் கனம், அதனால் அது கீழே. கார்பன் மோனாக்சைடு காற்றோடு கிட்டத்தட்ட ஒரே எடை. சூடான காற்றோடு கலந்து எங்கும் பரவும். மகள் கேபினில் கட்டாயம் தனியாக ஒன்று வையுங்கள், படுக்கையில் அவள் தலை இருக்கும் உயரத்தில்.

2019 ஏப்ரலிலிருந்து போட் சேஃப்டி ஸ்கீம் (பிரிட்டனின் படகுப் பாதுகாப்புச் சோதனைத் திட்டம்) தங்கும் கேபின் உள்ள படகுகளில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதே வருடம் டிசம்பரில் யார்க் நகரத்து ஊஸ் ஆற்றில் டைவர்ஷன் என்ற படகில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஹீட்டரின் புகைபோக்கி இணைப்பு விட்டுப்போய் புகை கேபினுக்குள் வந்திருந்தது. அந்தப் படகில் அலாரம் இல்லை.

பதில்: ஏரிக்கரை, டொராண்டோ

இங்கே எங்களுடையது பெட்ரோல் எஞ்சின் படகு. அடுப்பு கிடையாது, ஆபத்து எஞ்சினில்தான். பின்பக்கத் துணிக்கூரையைப் பாதி மூடிக்கொண்டு மெதுவாகப் போனால், எஞ்சின் புகையைக் காற்று திரும்ப உள்ளே இழுத்துவிடும். ஒருமுறை குழந்தைகள் இரண்டு பேரும் தூங்கி வழிந்தார்கள். வெயில் களைப்பு என்றே நினைத்தோம். கரைக்கு வந்து அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்கள். வெளியே வந்தால் சரியாகிவிடும் தலைவலியைக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகையும் உங்கள் ஜன்னல் வழியாக வரலாம், கவனம்.

கேள்வி கேட்டவர்: புதுப்படகு

கழற்றிப் பார்த்தேன் அண்ணா. ஒன்று 2021-இலேயே முடிந்துவிட்டது. இன்னொன்றில் தேதியின் மேல் பெயின்ட் பூசியிருக்கிறது. இன்று இரவு அடுப்பு பற்றவைக்கவில்லை, கரை மின்சாரத்தில் ஹீட்டர் போட்டிருக்கிறோம். மூன்று புது அலாரம் ஆர்டர் செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: அடுப்பே எரியாதபோதும் இது கத்தும் என்கிறார்களே, அது பொய் அலாரமா?

பதில்: கால்வாய்க்காரன்

நல்ல காரியம் செய்தீர்கள். தேதி தெரியாததையும் தூக்கிப் போடுங்கள்.

அடுப்பு அணைந்திருக்கும்போது எனக்கும் ஒருமுறை கத்தியது. கட்டிலுக்குக் கீழே இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிகளில் ஒன்று கெட்டு, சார்ஜரில் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜனையும் இந்த சென்சார் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளும். அதுவும் ஆபத்துதான், தீப்பொறி பட்டால் வெடிக்கும். எனவே பொய் அலாரம் என்று எண்ணாமல் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்.

அடுப்பைத் திரும்பப் பற்றவைப்பதற்கு முன் அதன் கதவைச் சுற்றிப் புகை கசியாமல் அடைக்கும் கயிறு தேய்ந்திருக்கிறதா, புகைக்குழாயில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் படகில் இரண்டு குறையும் இருந்தன. குளிர் என்று காற்றுத் துவாரங்களில் துணி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். புது அலாரம் வந்ததும், மாற்ற வேண்டிய வருடத்தை மார்க்கரால் அதன் முன்பக்கத்திலேயே பெரிதாக எழுதி மாட்டுங்கள்.