அடிக்கடி வர்ற ஈஸ்ட் இன்ஃபெக்ஷனுக்கு சீன வைத்தியம் பாக்கலாமா?

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனா வேற எங்க போய் கேக்குறதுன்னு தெரியல. போன வருஷம் சைனஸுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதுலேருந்து எனக்கு ஈஸ்ட் இன்ஃபெக்ஷன் வர்றதும் போறதுமா இருக்கு. அரிப்பு, எரிச்சல், கெட்டியா வெள்ளைப்படுதல். கிளினிக்குக்கு போனா ஃப்ளூகோனசோல்னு ஈஸ்ட கொல்ற ஒரு மாத்திரை குடுக்குறாங்க, சரியாயிடுது, அப்புறம் பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி திரும்ப ஆரம்பிச்சிடுது. எதிர்வீட்டு சீன ஆன்ட்டி என் நாக்க பாத்துட்டு உனக்கு உடம்புல ஈரம் ஜாஸ்தி, மண்ணீரல் வீக்கா இருக்கு, ஐஸ் தண்ணிய நிறுத்து, என்னோட சின்சே, அதான் சீன வைத்தியர், அவர்கிட்ட வா, கஷாயம் குடுப்பாருன்னு ரொம்ப அக்கறையா சொல்றாங்க. போலாமா? யாராவது போயிருக்கீங்களா? என்ன மருந்து குடுப்பாங்க? இன்னொண்ணு, காலையில எந்திரிச்சதும் ஒரு கிளாஸ் தண்ணியில எச்சில் துப்பி அது நூல் நூலா இறங்குச்சுன்னா குடல் முழுக்க கேண்டிடா, அதான் இந்த ஈஸ்ட் கிருமி, இருக்குன்னு ஒரு வீடியோ பாத்தேன், பண்ணி பாத்தேன், இறங்குச்சு, அதுலேருந்து பயமாவே இருக்கு.

தெம்பனீஸ்_அக்கா:
தங்கச்சி, மொதல்ல அந்த எச்சில் டெஸ்ட மறந்துடும்மா. யார் துப்பினாலும் கொஞ்ச நேரத்துல அப்படித்தான் இறங்கும், அது எந்த நோயையும் காட்டாது.

சின்சே விஷயத்துக்கு வரேன், நான் போயிருக்கேன், அதனால சொல்றேன். அவங்க கேண்டிடா அது இதுன்னு கிருமி பேரே சொல்ல மாட்டாங்க, அவங்க பாக்குறது உடம்போட நிலைய. நாடி பாப்பாங்க, நாக்க நீட்ட சொல்லுவாங்க, தூக்கம் எப்படி, மோஷன் எப்படி, சாப்பிட்டதும் வயிறு உப்புதா, வெள்ளைப்படுறது என்ன நிறம், வாடை இருக்கா, எல்லாம் கேப்பாங்க. நாக்கு ஓரத்துல பல் பதிஞ்ச தடம், மேல வெள்ளையா பிசுபிசுன்னு படிவு, வெள்ளைப்படுறது தண்ணியா வாடை இல்லாம இருந்தா மண்ணீரல் பலம் குறைஞ்சு ஈரம் தங்கிடுச்சுன்னு சொல்லுவாங்க. மஞ்சளா, வாடையோட, எரிச்சலோட இருந்தா ஈரமும் சூடும் சேர்ந்துடுச்சுன்னு சொல்லுவாங்க. இந்த ரெண்டுக்கும் மருந்து வேற வேற, அதனாலதான் ஆன்ட்டிக்கு குடுத்த பொட்டலத்த நாம வாங்கி குடிக்க கூடாது. அவங்க சொல்ற மண்ணீரலும் நம்ம டாக்டர் ஸ்கேன்ல பாக்குற மண்ணீரலும் ஒண்ணு இல்ல, சாப்பாட்ட செரிச்சு உடம்புல நீரோட்டத்த சரியா வைக்கிற மொத்த வேலைக்கும் அவங்க வச்சிருக்குற பேரு அது. எனக்கு அவர் சொன்னது இதுதான்: சுவத்துல ஈரம் ஊறிட்டே இருந்தா பூசணத்த எத்தன தடவ சொரண்டினாலும் திரும்ப வரும்.

முதல் வகைக்கு ரொம்ப பேர் போன மருந்து வான் தாய் தாங். 17ஆம் நூற்றாண்டுல ஃபூ சிங்ஜூன்னு ஒரு பெரிய வைத்தியர் இருந்தாரு, பெண்கள் நோய்க்குன்னே எழுதினவரு, வெள்ளைப்படுற எல்லாத்துக்கும் அடிப்படை ஈரம்தான்னு சொல்லி நிறத்த வச்சு வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு, சிவப்புன்னு 5 வகையா பிரிச்சாரு, அதுல வெள்ளைக்கு இது. 10 சரக்கு, பாய் ஜூ கிழங்கும் சீன வள்ளிக்கிழங்கும்தான் அதிகம், கூட ஜின்செங், காஞ்ச ஆரஞ்சு தோல், அதிமதுரம் எல்லாம் வரும். கசப்பு குறைவுதான், குடிச்சிடலாம்.

எனக்கு வயிறு உப்புசம் நல்லா குறைஞ்சது, இனிப்பு, பபிள் டீ, எண்ணெய் பலகாரம் எல்லாம் நிறுத்த சொன்னாரு, அதுவும் உதவியிருக்கும். ஆனா அரிப்பு உச்சத்துல இருக்கும்போது கிளினிக் மருந்துதான் நிறுத்துச்சு. ரெண்டையும் சேத்துதான் சரியாச்சு, எதால எவ்வளவுன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியல.

போனா பதிவு பண்ணின ஆள்கிட்ட மட்டும் போ. இங்க சிங்கப்பூர்ல 2000-லயே அதுக்கு சட்டம் வந்துடுச்சு, சீன வைத்தியர்கள் வாரியத்தோட பட்டியல்ல பேர் இருக்கான்னு ஆன்லைன்லயே பாக்கலாம். காசு யோசனையா இருந்தா தோங் சாய் இருக்கு, 1867-லேருந்து இன மத வித்தியாசம் பாக்காம இலவச வைத்தியம் பாக்குற இடம், நம்ம ஆளுங்களும் போறாங்க.

மருந்தாளர்_கௌரி:
நான் ஃபார்மசிஸ்ட். அக்கா நல்லா எழுதியிருக்காங்க, கூட சிலத சேக்குறேன், ஏன்னா இது பெண்கள்ல முக்காவாசி பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வர்ற விஷயம், இதுல பல பேர் டெஸ்ட் எடுக்காமலே மருந்து மாத்தி மாத்தி போட்டு கஷ்டப்படுறாங்க.

சிஸ்டர், ஒரு வருஷத்துல 3 தடவைக்கு மேல வந்தா அது திரும்ப திரும்ப வர்ற வகை. அதுக்கு ஸ்வாப் எடுத்து, அதாவது பஞ்சுக்குச்சியால மாதிரி எடுத்து, கல்ச்சர் பண்ணணும், அதாவது லேப்ல கிருமிய வளத்து என்ன வகைன்னு பாக்கணும். ரெண்டு காரணம். ஒண்ணு, அரிப்பு வந்தாலே ஈஸ்ட்னு இல்ல, பாக்டீரியாவா இருக்கலாம், சோப்பு அலர்ஜியா இருக்கலாம், தோல் நோயா இருக்கலாம். ரெண்டாவது, கேண்டிடா கிளாப்ராட்டான்னு ஒரு வகை இருக்கு, அது ஃப்ளூகோனசோலுக்கு லேசுல அடங்காது, வேற மருந்து வேணும். சாதாரண வகைதான்னு உறுதியாச்சுன்னா ஒரு மாத்திரையோட நிறுத்தாம வாரம் ஒண்ணுன்னு 6 மாசம் குடுக்குற முறை இருக்கு, அத டாக்டர்கிட்ட கேளுங்க. கூடவே சுகர் டெஸ்டும் கண்டிப்பா எடுங்க, நம்ம ஆளுங்களுக்கு சுகர் இருக்குறதே சில சமயம் இப்படித்தான் தெரிய வருது.

சீன மருந்துல நான் பயப்படுறது ஒரு விஷயத்துக்கு. ஈரம் சூடு வகைக்கு லோங் தான் ஸியே கான்னு ஒரு மருந்து குடுப்பாங்க. அதுல வர்ற மூ தோங் கொடிக்கு பதிலா குவான் மூ தோங்னு வேற செடிய ரொம்ப காலம் போட்டாங்க, அதுல அரிஸ்டோலோகிக் ஆசிட் இருக்கு, கிட்னிய அழிக்கும், கேன்சரும் வரும். 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கிற கிளினிக் ஒண்ணுல இதே மாதிரி செடி மாறிப்போய் சுமார் 100 பொண்ணுங்களுக்கு கிட்னி போச்சு. சீனாவே 2003-ல குவான் மூ தோங்க நிறுத்திடுச்சு. இப்ப ஒழுங்கான கடையில வராது, ஆனா ஆன்லைன்ல பேர் தெரியாத டப்பா வாங்காதீங்க, ஊர்லேருந்து யாராவது கொண்டு வந்தாலும் வேணாம். அதே மாதிரி அரிப்புக்கு மூலிகை க்ரீம்னு ஆன்லைன்ல வர்றதுல சொல்லாம ஸ்டீராய்ட் கலந்து பிடிபட்டிருக்கு, அது போட்டா அரிப்பு உடனே அடங்கும், உள்ள ஈஸ்ட் இன்னும் வளரும். கூ ஷென் மாதிரி வேர கொதிக்க வச்சு கழுவ குடுத்தா வெளிய மட்டும் கழுவுங்க, உள்ள பீச்சி கழுவாதீங்க, நல்ல கிருமியும் போயிடும்.

பிரஷர் இருந்தா அதிமதுரம் ரொம்ப நாள் வேணாம். எது சாப்பிட்டாலும் சின்சே கிட்டயும் டாக்டர் கிட்டயும் ரெண்டு லிஸ்டையும் காட்டுங்க.

கிள்ளான்_மாமி:
கௌரி சொன்ன சுகர் விஷயத்துல ஒண்ணு. எனக்கு டாக்டர் புது மாத்திரை குடுத்தாரு, எம்பாகிளிஃப்ளோசின், அது சுகர மூத்திரத்துல வெளியேத்துற வகை. ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அரிப்பு. நான் பார்லி தண்ணி, சீன கஷாயம்னு என்னென்னமோ குடிச்சேன், கடைசியில மாத்திரைதான் காரணம்னு டாக்டரே சொன்னாரு, அந்த வகையில இது தெரிஞ்ச பக்க விளைவாம். மாத்தி குடுத்ததும் நின்னுடுச்சு. தானா நிறுத்தாதீங்க, இதய நோய்க்கும் அத குடுப்பாங்க, கேட்டு மாத்துங்க.

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மனசு லேசாச்சு. பாலிகிளினிக்ல ஸ்வாப்புக்கும் சுகருக்கும் அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன், அப்புறம் ஆன்ட்டியோட போறேன். ஒரே சந்தேகம், ரெண்டாவது குழந்தைக்கு பாத்துட்டு இருக்கோம், மூத்தவனுக்கு பொறந்தப்பவே ஜி6பிடி குறைபாடு, அதான் சில மருந்து பட்டா ரத்த சிவப்பணு உடையுற பிறவிக் குறை, இருக்குன்னு சொன்னாங்க. ஹுவாங் லியென்னு ஒரு சரக்கு ஈஸ்டுக்கு நல்லதுன்னு படிச்சேன், அது ஓகேவா?

மருந்தாளர்_கௌரி:
நல்ல வேளை கேட்டீங்க. ஹுவாங் லியென்ல இருக்குறது பெர்பெரின், நம்ம மரமஞ்சள்ல இருக்குற அதே பொருள்தான். ஆய்வுக்கூட தட்டுல அது கேண்டிடாவ தடுக்குது, ஆனா வாய் வழியா சாப்பிட்டா ரத்தத்துல ரொம்ப கொஞ்சம்தான் ஏறும், அதனால தட்டுல நடந்தது உடம்புல நடக்கும்னு சொல்ல முடியாது. ஜி6பிடி குறைபாடு உள்ள பச்சக் குழந்தைங்களுக்கு மஞ்சள் காமாலை ஏறுதுங்குற கவலையிலதான் சிங்கப்பூர்ல 1978-லேருந்து ரொம்ப வருஷம் இத தடை பண்ணி வச்சிருந்தாங்க, இப்ப தளர்த்திட்டாங்க, ஆனாலும் கர்ப்பத்துக்கு முயற்சி பண்றவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, பால் குடுக்குறவங்க இத தொடாம இருக்குறதுதான் நல்லது. சீன பார்லி, அதான் யீ யீ ரென், அதையும் கர்ப்பத்துல சீன வைத்தியர்களே வேணாம்பாங்க. வாய் வழி ஃப்ளூகோனசோலும் கர்ப்பத்துல தவிர்ப்போம், உள்ள வைக்கிற க்ளோட்ரிமசோல்தான் 7 நாள் குடுப்போம், அதனால குழந்தைக்கு பாக்குறீங்கன்னு பாலிகிளினிக்லயும் சின்சே கிட்டயும் முதல் வார்த்தையா சொல்லிடுங்க.