புதுப்பிப்பு: பழைய கொறொல்லாக் காரின் டிரைவ் ஷாஃப்ட் (கியர்பொக்ஸில இருந்து சில்லைச் சுத்துற தண்டு)

முன்னம் கேட்டது: ஸ்ரேறிங்கை முழுசா வெட்டித் திருப்பேக்க "டக் டக்" சத்தம், புது ஷாஃப்டுக்குக் காசு காணாது, யாழ்ப்பாணத்தில என்ன செய்யலாம்?

கழற்றிப் பார்த்தாச்சு. வெளி ஜொயின்ற் (ஷாஃப்டின் சில்லுப் பக்கத்து மூட்டு) மட்டும்தான் போயிருக்கு. பூட் (ஜொயின்றை மூடுற றப்பர் உறை) வெடிச்சு, கிறீஸுக்குள்ள மணல் ஏறி, உள்ளுக்க இருக்கிற உருக்குக் குண்டு ஓடுற தடத்தில நகம் தட்டுற பள்ளம். இனிக் கிறீஸ் அடைச்சாலும் பள்ளம் ஆறாது.

அதால வெளி ஜொயின்ற் மட்டும் புதுசு. வாங்கப் போகேக்க பழசைக் கையோட கொண்டுபோங்கோ. ஜொயின்றின் உள், வெளிப் பல் எண்ணிக்கை, ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கேக்க சில்லு இறுகாமத் தடுக்கிற முறை) வளையம் இருந்தால் அதுவும் பொருந்தவேணும். பூட், 2 கிளிப், மொலிப்டினம் கிறீஸ் சேர்ந்து வருதோ எண்டு பாருங்கோ. சாதாரணக் கிறீஸ் வேண்டாம்.

ஷாஃப்டை இழுத்தா கியர்பொக்ஸ் ஒயில் வடியும். ஒயில் சீல் (ஒயில் கசியாம அடைக்கிற வளையம்), அதையும் அப்பவே மாத்தி, ஒயில் மட்டத்தைச் சரிபாருங்கோ.